மழைப்பெட்டிகள் வெளியே நின்ற நாட்கள்

செப்டம்பர் 30, செவ்வாய்

அக்கா போனில் கேட்டாள், நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று. பெண் வீட்டார் யாரோ விசாரித்தார்களாம், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். நாற்பத்தொரு வயதுத் தம்பிக்கு இன்னும் பெண் தேடுகிறவளிடம் பொறுமையாகத்தான் பேசவேண்டும். விளக்கினேன்.

மலையில் இருபத்து மூன்று இடங்களில் மழைப்பெட்டிகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும் உள்ளங்கை அகலக் கணினியும் இருக்கும். கணினியில் ஓடும் நிரல்களை கன்டெய்னர் என்ற உறைகளில் அடைத்து இங்கிருந்தே அனுப்புவோம். எந்தப் பெட்டியில் எந்த உறை ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதையெல்லாம் தென்காசியில் எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு சர்வர் கவனித்துக்கொள்ளும். அந்த சர்வருக்கு முன்னால் இன்னொரு இயந்திரம் நிற்கிறது. வெளியிலிருந்து யார் வந்தாலும் அதனிடம்தான் முதலில் வரவேண்டும். தான் யார் என்று நிரூபிக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைக் காட்டி, பூட்டைத் திறந்து, உள்ளே அனுப்பும். ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். நாங்கள் முன்வாசல் என்போம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "அப்ப வாட்ச்மேன் வேலன்னு சொல்லிரட்டுமா?" என்றாள். சரி என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தரை கழுவி, மாவிலை கட்டி, பதினோரு மணிக்கெல்லாம் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு இந்த ஒரு நாள் போதும், வருஷம் முழுக்கத் திட்டியதை மறக்கடித்துவிடுவார். பூஜையன்று எந்த இயந்திரமும் ஓடக்கூடாது என்பது இங்கே வழக்கம். எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் நல்ல நேரத்தில்தான் எழுப்ப வேண்டும்.

முன்வாசலை மட்டும் விட்டுவிடு என்று அண்ணாச்சி சொன்னார். டிசம்பரில் வாங்கியது, வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அணைந்ததில்லை. வயரிங், மின்சாரம், பெட்டிகள் எல்லாம் பார்க்கிற பேச்சியம்மாள்தான் கேட்கவில்லை. "எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்துட்டு இத மட்டும் நிக்க வச்சா பாவம்லா அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே அணைத்துவிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாலு வருஷமாக அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன், அது நின்றதும் காதுக்குள் ஏதோ பெரிய மைதானம் திறந்தது. தெருவில் பூக்காரி போவதும், பேச்சி பொரியில் கடலையைத் தேடித் தேடித் தின்பதும் தனித்தனியாகக் கேட்டது. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

பத்தரைக்கு எழுப்பினோம். எல்லாம் எழுந்தது. சர்வரின் பக்கத்தைத் திறந்தால் பூட்டுச் சின்னத்தோடு அழகாக வந்தது. ஆனால் பட்டியலில் இருபத்து மூன்று பெட்டிகளுக்கும் எதிரில் சிவப்புப் புள்ளி. ஒன்றுகூடப் பச்சையில்லை.

மலை தூரம், கொஞ்சம் நேரமாகும் என்று காத்திருந்தோம். சாயங்காலம் வரை சிவப்புதான். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. அங்கே மழை பெய்துகொண்டிருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

அக்டோபர் 3, வெள்ளி

சிவப்பு. சான்றிதழில்தான் சந்தேகம். பேச்சி இரண்டு தடவை என் மேஜை பக்கம் வந்து நின்றாள். வேலையில் மூழ்கியிருந்ததால் அப்புறம் பேசுவோம் என்றேன்.

அக்டோபர் 4, சனி

சான்றிதழ் சரி. ஜனவரியில் புதுப்பித்தது, இன்னும் மூன்று மாதம் உயிர் இருக்கிறது. நடுவில் வரவேண்டிய சான்றிதழும் இருக்கிறது. கடிகாரம் சரி. முழு நாள் இதிலேயே போனது, போனதில் எனக்கு வருத்தமில்லை. சங்கிலி மாதிரி ஒன்றுக்கு இன்னொன்று சாட்சி சொல்கிற காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அடங்கும்.

அண்ணாச்சிக்கு அடங்கவில்லை. பெட்டிகளை வாடகைக்கு எடுத்திருக்கும் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாராம். சொன்ன பேச்சைக் கேட்காமல் அணைத்ததால்தான் முன்வாசல் கெட்டுப்போனது என்று பேச்சியை எல்லோர் முன்னிலும் ஏசினார். அவளுடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றியவன் நான்தான். இனி அவளால் அந்த இரண்டு இயந்திரங்களுக்குள்ளும் போக முடியாது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியின் குரலுக்கு நானும் பயப்படுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. பழுதுக்கென்று வைத்திருந்த உபரிப் பெட்டி ஒன்றை பேச்சி மேஜைமேல் வைத்தாள். முன்வாசலைத் தவிர்த்து, நேரே சர்வரின் முகவரியைக் கொடுத்து இணைத்தாள். அரை நிமிஷத்தில் பச்சை. முன்வாசல் வழியாக வரச்சொன்னால் சிவப்பு. ஆக சர்வரில் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை, குறை முன்வாசலில்.

"அந்த செட்டிங் ஃபைல ஒருக்கா திறந்து பாருங்களேன் சார்" என்றாள்.

அதற்கு அவசியமில்லை. அந்தக் கோப்பை மார்ச்சில் நானே உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த வரிகளை நீக்கி, இடைவெளிகளைச் சீராக்கி, அலுவலகத்திலேயே சுத்தமான கோப்பு அதுதான். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. இதை அவளிடம் சொன்னேன். அவள் பெட்டியின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

குறை முன்வாசலில் என்றதும் அண்ணாச்சிக்குத் தன் தீர்ப்பு உறுதியாகிவிட்டது. திடீரென்று அணைத்ததில் உள்ளே ஏதோ அடி வாங்கியிருக்கிறது என்கிறார். அதை அணைத்தவள் தீபாவளிக்கு அப்புறம் வரமாட்டாள் என்று சங்கத்துக்கே சொல்லிவிட்டாராம். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்.

பேச்சி போய்விட்டால் இங்கே மலைக்குப் போக யார் இருக்கிறார்கள்? அதை நினைத்துத்தான் எனக்குச் சாயங்காலம் டீகூட இறங்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வெள்ளிமலை எஸ்டேட்டுக்குப் போனோம், நானும் பேச்சியும், ஜீப்பில். பெட்டி என்ன பாஷையில் முறையிடுகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் அண்ணாச்சியிடம் கேட்டேன். அதை மேஜைமேல் இருந்த உபரிப் பெட்டியிலேயே பார்த்திருக்கலாம் என்பது வழியில்தான் தோன்றியது. பேச்சியும் ஏன் என்று கேட்கவில்லை.

பாதி மலையில் மேகத்துக்குள் நுழைந்தோம். டிரைவர் விளக்கைப் போட்டார், அதனாலும் ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் எங்கள் மேலேயே திரும்பி வந்தது. மரங்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் மரங்களாயின. பேச்சி கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே இழுத்தபோது கையில் மயிர்க்கால் தோறும் சின்னத் துளி. துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஏலச்செடிகளுக்கு நடுவே, இடுப்புயர இரும்புக் காலில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. மழைமானிக்குள் இருக்கும் சின்னக் கிண்ணம் நிரம்பி, கவிழ்ந்து, டக்கென்று சத்தம் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். எட்டு நாளாக யாருமே கேட்காவிட்டாலும் அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அங்கேயே செடிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளலாம் போல ஒரு மயக்கம்.

பேச்சி குடையை என் கையில் கொடுத்துவிட்டு மடிக்கணினியைச் செருகினாள். பத்து வினாடிக்கு ஒரு தடவை ஒரே வரி வந்தது: வெப்சாக்கெட், கைகுலுக்கல் சரியில்லை.

இதன் அர்த்தம் எனக்குத் தெரியும். வலைப்பக்கம் பார்க்கிறவன் வருவான், கேட்டதை வாங்குவான், போய்விடுவான். பெட்டிகள் அப்படியில்லை. ஒரு தடவை உள்ளே வந்தால் இணைப்பைப் பிடித்தபடியே இருக்கவேண்டும், அப்போதுதான் சர்வர் நினைத்த நேரத்தில் பேசமுடியும். அந்த இணைப்புக்குப் பெயர்தான் வெப்சாக்கெட். "எனக்கு அந்த மாதிரி இணைப்பு வேண்டும்" என்று பெட்டி வாசலிலேயே சொல்லும். அதை முன்வாசல் அப்படியே உள்ளே எடுத்துச் சொல்லவேண்டும். சொல்வதற்கு அதன் செட்டிங் கோப்பில் இரண்டே வரி.

"இதுக தட்டிக்கிட்டேதான் இருக்கு சார்" என்றாள் பேச்சி. திரையைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டாள். "அந்த ஃபைல் என்னைக்குக் கடைசியாத் திருத்துனதுன்னு பாத்தீங்களா?"

ஆறு மாதமாக ஓடியதுதானே என்றேன். அவள், ஓடிக்கொண்டிருக்கிற நிரல் முன்பு படித்ததை வைத்துத்தான் ஓடும், அணைத்து எழுப்பினால்தான் புதிதாகப் படிக்கும் என்றாள். தெரிந்ததையே சொல்கிறாளே என்று இருந்தது. மேகம் எங்கள் இருவருக்கும் நடுவில்கூட வந்துவிட்டது. கீழே போய்ப் பார்த்துக்கிடலாம் என்றேன்.

இறங்கும்போது அவள் தூங்கிவிட்டாள். ஜீப் எந்த வளைவிலும் அவளை எழுப்பாமல் போகவேண்டுமே என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தேன், நான் பிடித்தால் ஜீப் ஆடாது என்பதுபோல.

அக்டோபர் 10, வெள்ளி

மதியம் மேஜையிலேயே கண் அசந்துவிட்டேன். இருபத்து மூன்று பெட்டிகளும் மலையிலிருந்து இறங்கி, இரும்புக் கால்களால் தென்காசி ரத வீதியில் நடந்து வந்து எங்கள் மாடிப்படியில் வரிசையாக நின்றன. எல்லாம் நனைந்திருந்தன. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. எழுந்த பிறகும் படியில் ஈரம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஃபயர்வால் பார்த்தேன். கேபிள் மாற்றினேன். முன்வாசலின் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அணைத்ததில் அடிபட்டது என்ற அண்ணாச்சியின் வாதம் இத்தோடு போயிற்று, இதை அவரிடம் நாளை சொல்லவேண்டும்.

கோப்பை இன்னும் திறக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

பேச்சி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. தன் வேலைகளை, தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பெட்டிக்கு எந்த வழியாகப் போகவேண்டும், எங்கே அட்டை கடிக்கும், எந்த எஸ்டேட் கணக்கப்பிள்ளைக்கு டீ வாங்கித் தரவேண்டும் என்பதுவரை. கையெழுத்து சின்னதாக, நெருக்கமாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

திறந்தேன்.

கடைசியாகத் திருத்திய தேதி மார்ச் 14, பகல் 12.51. திருத்தியவர் ஆவுடையப்பன், அதாவது நான்.

அந்த இரண்டு வரிகளும் இல்லை. ஒரே வரிகள் இரண்டு இடத்தில் வருகின்றன, வீண் என்று நினைத்து நான்தான் இரண்டு இடத்திலும் வெட்டியிருக்கிறேன். வெட்டிச் சேமித்துவிட்டு, நிரலைப் புதிதாகப் படிக்கச் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறேன். அன்று என்ன நடந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. பேச்சி வந்து, செங்கோட்டைக்குப் போகிறேன், பரோட்டா சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னை எங்கும் கூப்பிட்டதில்லை. சேமித்ததே பெரிய விஷயம்.

ஆகவே மார்ச்சிலிருந்து தப்பு கோப்பில் படுத்திருந்தது. அணைத்து எழுப்பிய அன்று நிரல் அதைப் படித்தது. யார் அணைத்திருந்தாலும், அடுத்த மாதம் கரண்ட் போய் அணைந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இரண்டு வரிகளையும் எழுதினேன். படிக்கச் சொன்னேன். வெள்ளிமலை முதலில் பச்சையானது. பிறகு ஒன்று, பிறகு மூன்று சேர்ந்தாற்போல. இரண்டு நிமிஷத்தில் இருபத்து மூன்றும். பதினாலு நாள் மழை ஒரே மூச்சில் உள்ளே வந்து கொட்டியது. நான் அழுதேன் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி ஓடிவந்தார். பேச்சியும் வந்து கதவருகே நின்றாள். என்னவே ஆச்சு என்று கேட்டார். செட்டிங்கில் இரண்டு வரி விட்டுப்போயிருந்தது என்றேன்.

"நாந்தான் சொன்னேம்லா. இவ அணைச்சதுல போயிருக்கு" என்றார் அண்ணாச்சி.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

சொல்லவில்லை. இரண்டு தடவை அண்ணாச்சியின் அறைவரை போனேன். ஒரு தடவை அவர் போனில் இருந்தார். இன்னொரு தடவை சும்மாதான் இருந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை அவர் வந்ததும் வராததுமாகப் போய் நின்று, மார்ச் 14 முதல் எல்லாவற்றையும் சொன்னேன். பரோட்டாவை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பிள்ளைய சபையில வச்சு ஏசிட்டேனே வே" என்றார் மெதுவாக. பிறகு, அவள் இருக்கட்டும், எங்கேயும் போகவேண்டாம், சங்கத்திடம் நான் பேசிக்கொள்கிறேன், நீயே போய்ச் சொல்லு என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச்சி மாடியில் உபரிப் பெட்டிகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். தூறல் விழுகிறதா இல்லையா என்று சொல்லமுடியாத ஒரு வானம். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அண்ணாச்சியிடம் சொல்லியாயிற்று, நீங்கள் இருக்கலாம்.

அவள் துணியின் முனையை முடிந்துகொண்டே கேட்டாள். ஆச்சரியமே படவில்லை.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும் சார். ஃபைல் தேதிய அன்னைக்கே பாத்துட்டேன். சொல்லணும்னுதான் ரெண்டு மட்டம் உங்ககிட்ட வந்தேன்."

அண்ணாச்சியிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் சொன்னா கோள் சொன்னாப்ல இருக்கும். நீங்களே பாத்து, நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். மலைக்கு உங்களோட வந்ததும் அதுக்குத்தான்."

இப்போது சொல்லிவிட்டேனே என்றேன். அவள் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"முந்தாநாத்து அண்ணாச்சி என்னைச் சொல்லும்போது நானும் அங்கனதான நின்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல." குரலில் கோபம் இல்லை. அன்று சாயங்காலமே கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், இவள்தான் பதில் சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

போகாதீர்கள் என்றேன். அவள் கேட்டாள்:

"இன்னைக்கு எதுக்கு சார் சொன்னீங்க?"

"நீங்க இங்கயே இருக்கணும்னு."

"அப்ப இதையும் உங்களுக்காகத்தான் சொல்லிருக்கீங்க."

படி இறங்கிப் போனாள். நான் மாடியிலேயே நின்றேன். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது, சட்டை நனைந்திருந்ததால் அப்படித் தெரிந்தது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து அலுவலகம் திறந்தது. பேச்சி கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அண்ணாச்சி சொன்னார். மலைப்பெட்டிகளை இனி நான்தான் பார்க்கவேண்டும். இருபத்து மூன்றும் பச்சை.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை சர்வரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதுவும் என் வேலைதான். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே நீக்கு என்பதை அழுத்தினேன். இப்படி நீக்கினால் திரும்ப வராது, உறுதியென்றால் அந்தப் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்யவும் என்று கேட்டது. தவறுதலாக யாரையும் நீக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்திருக்கும் ஏற்பாடு அது.

நாலு வருஷம் அவளை நேசித்திருக்கிறேன். இதை எழுதுவதற்கு இவ்வளவு நாளாயிற்று.

பெயரை அடித்தேன். இரண்டு தடவை எங்கோ ஒரு எழுத்து விட்டுப்போய் ஏற்க மறுத்தது. மூன்றாம் தடவை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஏற்றுக்கொண்டது.